ஈரானிய, ஆப்கானியக் குழுக்களுக்கு மானியம்: முதலில் எங்கே கேட்பது?

கலிஃபோர்னியாவில் பாரசீகம் பேசும் மக்களுக்காக வார இறுதி வகுப்போ முதியோர் உதவியோ நடத்தும் சிறு குழுக்கள், மானியம் தேட உட்கார்ந்ததும் எழுதும் பட்டியலில் முதல் சில பெயர்கள் ஈரானியர்கள் தொடங்கிய பெரிய அறக்கட்டளைகளாகத்தான் இருக்கும். நம்மவர் பணம், நம்மவர் வேலை, கேட்டால் கொடுக்காமலா போவார்கள் என்ற நம்பிக்கை. நான் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்காக மானிய விண்ணப்பம் எழுதிப் பழகியவன். அதே கட்டடத்தில் வகுப்பு நடத்திய பாரசீகப் பள்ளிக்காரர்கள் கேட்டதால் அவர்களுக்கும் எழுத ஆரம்பித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழி, இசை, இலக்கியம், பண்டிகை என்றால் அந்த அறக்கட்டளைகளிடம் போங்கள். முதியவருக்குப் படிவம் நிரப்பித் தருவது, புதிதாக வந்த குடும்பத்துக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது மாதிரி நேரடி உதவி என்றால் உங்கள் கவுண்டியும் (மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி) நகராட்சியும், ஒரு பகுதியில் பலரிடம் திரண்ட நிதியை அந்தப் பகுதிக்கே கொடுக்கும் உள்ளூர்ச் சமூக அறக்கட்டளையும்தான் முதல் இடம். ஈரானுக்குள்ளேயே பணம் போக வேண்டும் என்றால் அது தனிக் கதை, அதற்குச் சட்டமே வேறு, கடைசியில் வருகிறேன்.

ஈரானிய அறக்கட்டளைகள்

ரோஷன் கலாச்சாரப் பாரம்பரிய நிறுவனம் 2000-ல் எலாஹே ஓமிட்யார் மிர்-ஜலாலி தொடங்கியது. அதன் பணம் எங்கே தெரிகிறது என்று பார்த்தால், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பாரசீக ஆய்வு மையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரிசோனாவிலும் பாரசீகப் பட்டமேற்படிப்பு அந்தப் பெயரில் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் ஃபர்ஹங் அறக்கட்டளை 2008-ல் தொடங்கியது. யுசிஎல்ஏ பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் பெரிய நவ்ரூஸ் (பாரசீகப் புத்தாண்டு) விழா, குறும்பட விழா, இசை நிகழ்ச்சிகள் என்று அது இயங்குகிறது, பழம் பாரசீக மன்னர் சைரஸின் களிமண் உருளையை மாதிரியாக வைத்து 2017 ஜூலை 4 அன்று செஞ்சுரி சிட்டியில் திறக்கப்பட்ட சுதந்திரச் சிற்பமும் அவர்கள் முயற்சிதான். சிலிக்கான் பள்ளத்தாக்கில் 2006-ல் பிறந்த பார்ஸா சமூக அறக்கட்டளை, பாரசீகச் சமூகத்துக்கென்றே ஒரு சமூக அறக்கட்டளை என்ற எண்ணத்தை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது. லண்டன் பக்கம் போனால் 1995-ல் தொடங்கிய ஈரான் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன், 1961 முதல் இருக்கும் பிரிட்டிஷ் பாரசீக ஆய்வு நிறுவனம் எல்லாம் பெரும்பாலும் ஆய்வாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியவை, உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அங்கே இடம் தேடாதீர்கள்.

இவற்றை வரிசையாகப் பார்த்தாலே விஷயம் புரியும். பெரும்பகுதி பல்கலைக்கழகம், கலை, பாரம்பரியம். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1979 ஈரானியப் புரட்சிக்குப் பிறகு ஊரை விட்டு வந்த ஒரு தலைமுறை, அமெரிக்கச் செய்தியில் தங்கள் நாடு எப்படிக் காட்டப்பட்டதோ அதற்கு மறுமொழியாகத் தங்கள் நாகரிகத்தை நிலைநிறுத்த நினைத்தது, கையில் வசதி வந்தவுடன் அதற்கே செலவழித்தது. ஆனால் கான்கார்டில் மெடி-கால் (கலிஃபோர்னியா அரசின் மருத்துவக் காப்பீடு) கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு உதவும் திட்டத்தை இங்கே எழுதினால், அவர்கள் நல்ல மனதோடு வாழ்த்திவிட்டு மறுத்துவிட வாய்ப்பு அதிகம். அந்த மறுப்பு வரவே மாதங்கள் ஆகும், அதுதான் சிறு குழுவுக்குப் பெரிய நஷ்டம்.

ஆகவே எழுதும் முன் ஒரு மாலை உட்கார்ந்து அவர்கள் இதுவரை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். தனியார் அறக்கட்டளை என்றால் வருடா வருடம் வரித்துறைக்குக் கொடுக்கும் 990-பிஎஃப் படிவத்தில் ஒவ்வொரு மானியமும் பெயரோடும் தொகையோடும் இருக்கும். பலரிடம் நன்கொடை திரட்டும் பொது அறக்கட்டளை என்றால் 990 படிவத்தின் இணைப்பு 'ஐ'-யில் 5,000 டாலருக்கு மேல் கொடுத்த அமைப்புகள் இருக்கும். ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்திலும் ப்ரோபப்ளிகா என்ற செய்தித் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். கடந்த மூன்று வருடப் படிவத்தில் உங்கள் அளவில், உங்கள் மாதிரி வேலை செய்யும் ஒரு அமைப்புகூட இல்லை என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள், இணையதளத்தில் 'சமூக நலன்' என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி. பல இடங்களில் அழைப்பு இல்லாமல் முழு விண்ணப்பம் வாங்க மாட்டார்கள், ஒரு பக்க விசாரணைக் கடிதம்தான் முதலில்.

பாரசீகப் பள்ளிக்குப் பாடநூல், குழந்தைகளுக்கு ஷாநாமா காவியக் கதை வாசிப்பு, சந்தூர் இசை வகுப்பு, யல்தா எனும் குளிர்கால நீண்ட இரவுப் பண்டிகை நிகழ்ச்சி என்றால் இங்கேயே முதலில் கேளுங்கள். அதிலும் சந்தூர், தார் போன்ற வாத்தியத்தை ஒரு ஆசிரியரிடம் ஒரு மாணவர் ஆழமாகக் கற்பது என்றால், கலிஃபோர்னியா பாரம்பரியக் கலைகள் கூட்டமைப்பு நடத்தும் குரு-சீடர் மானியத்தையும் பாருங்கள். அது ஈரானியர்களுக்கானது அல்ல, எல்லாச் சமூகத்தின் மரபுக் கலைக்கும் உரியது, ஆனால் வடிவம் உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

உள்ளூர்ப் பணம்

இதைத்தான் குழுக்கள் கவனிக்காமல் விடுகின்றன, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 1915 முதல் இருக்கும் கலிஃபோர்னியா கம்யூனிட்டி ஃபவுண்டேஷன், அர்வைன் பக்கத்து ஈரானியர்களுக்கு ஆரஞ்ச் கவுண்டி கம்யூனிட்டி ஃபவுண்டேஷன், ஃப்ரீமாண்ட் ஆப்கானியர்களுக்கு ஈஸ்ட் பே கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்று பெரும்பாலான பகுதிகளுக்கு ஒன்று உண்டு. இவற்றில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று அறக்கட்டளையே போட்டி வைத்துக் கொடுப்பது, அதற்கு விண்ணப்பிக்கலாம். இன்னொன்று நன்கொடையாளர் பெயரில் அங்கே இருக்கும் நிதி; அதற்கு விண்ணப்பமே கிடையாது, அந்தக் குடும்பம் பரிந்துரைத்தால்தான் பணம் அசையும். உங்கள் ஊரில் வசதியான ஈரானியக் குடும்பங்கள் அப்படி நிதி வைத்திருக்க வாய்ப்பு உண்டு, அவர்களை நவ்ரூஸ் விழாவில் பார்த்துப் பேசுவது எந்தப் படிவத்தையும் விடப் பலன் தரும். அறக்கட்டளை ஊழியரிடம் 'இந்த மாதிரி வேலையில் ஆர்வமுள்ள நன்கொடையாளர்களுக்கு எங்களை அறிமுகப்படுத்த முடியுமா' என்று நேராகக் கேட்கலாம், தப்பே இல்லை.

நகராட்சியில் சிடிபிஜி என்று சமூக மேம்பாட்டுக்கான ஒரு நிதி உண்டு. 1974-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், பணம் நகரம், கவுண்டி வழியாக வரும், அதில் பொதுச் சேவைகளுக்கு அதிகபட்சம் 15 சதவீதம்தான் செலவிடலாம் என்பதால் போட்டி கடுமை. ஆனால் முதியோர் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே நடக்கும் சேவை என்றால், வருபவர்கள் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்கள் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது, வேறு மாதிரி ஆதாரம் இல்லாதவரை. ஒவ்வொரு பாட்டியிடமும் வங்கிக் கணக்கு விவரம் கேட்க வேண்டிய சங்கடம் பெரும்பாலும் இருக்காது. ஈரானியப் பெரியவர்களிடம் வருமானம் கேட்டால் அடுத்த வாரம் வர மாட்டார்கள், இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதன் மறுபக்கம்: பணம் பெரும்பாலும் செலவு செய்த பிறகு, ரசீது கொடுத்து வாங்குவதுதான். இரண்டு மூன்று மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு இல்லாத குழு இதில் மாட்டிக்கொள்ளும். காப்பீடும் கேட்பார்கள். 60 வயதுக்கு மேற்பட்டோருக்காக உள்ளூர் முதியோர் முகமைகள் தரும் பணமும் இப்படித்தான், அதோடு அது மானியத்தை விட ஒப்பந்தம் மாதிரி நடக்கும். முதல் வருடம் நேரடியாகப் போகாமல், ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு பெரிய முதியோர் மையத்துக்குப் பாரசீக மொழிப் பகுதியைச் செய்துதரும் துணை அமைப்பாகச் சேருங்கள். அவர்களுக்கும் பாரசீகம் பேசும் ஆள் கிடைப்பது கஷ்டம், நீங்கள் கேட்கும் இடத்தில் இல்லை, கொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள்.

வாஷிங்டன் பணம்

சிறு குழுவுக்கு இப்போது மத்திய அரசின் நேரடி மானியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் சிக்கல் மட்டும் இல்லை. மத்திய அரசின் பதிவுத் தளமான சாமில் இலவசமாகப் பதிந்து எண் வாங்கிக்கொள்ளலாம் (பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள்), வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். 2024 அக்டோபரிலிருந்து விதிகள்கூடக் கொஞ்சம் இளகின: தனியாகப் பேசி விகிதம் முடிவு செய்யாத அமைப்பும் மறைமுகச் செலவாக (வாடகை, நிர்வாகம் போன்றவை) 15 சதவீதம் வரை கேட்கலாம், முன்பு 10தான், கட்டாயத் தணிக்கைக்கான வரம்பு 7,50,000 டாலரிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. பிரச்சினை நம்பகத்தன்மை. தேசியக் கலை நிதியம் சிறு அமைப்புகளுக்கென்றே வைத்திருந்த சேலஞ்ச் அமெரிக்கா திட்டத்தை 2026 நிதியாண்டுக்கு இல்லை என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தது. மே மாதம் ஏற்கெனவே கொடுத்த மானியங்களையே நிறையப் பேருக்கு ரத்து செய்தது. மொழி, வரலாறு, இலக்கியத் துறைகளுக்கான தேசிய மனிதவியல் நிதியம் 2025 ஏப்ரலில் மாநிலக் கவுன்சில்களின் பணத்தை நிறுத்தியதால், கலிஃபோர்னியா ஹ்யூமானிட்டீஸ் மாதிரி அமைப்புகள் கொடுத்துவந்த சிறு மானியங்களும் ஆட்டம் கண்டன. 2025 ஜூனில் வந்த, அமெரிக்காவுக்குள் வரத் தடை விதித்த நாடுகளின் பட்டியலில் ஈரானும் ஆப்கானிஸ்தானும் இரண்டுமே இருந்தன. குடும்பங்கள் பயத்தில் இருக்கும் நேரத்தில், பாதியில் நிற்கக்கூடிய பணத்தை நம்பி அவர்களுக்கு ஒரு சேவையைத் தொடங்கி, பிறகு கதவை மூடுவது கொடுமை.

சொந்தப் பதிவா, ஸ்பான்சரா

எங்கே விண்ணப்பித்தாலும் 501(சி)(3) எனப்படும் வரிவிலக்கு பெற்ற அறப்பணி அமைப்பு என்ற அந்தஸ்து கேட்பார்கள். நீங்களே எடுக்கலாம், அல்லது ஃபிஸ்கல் ஸ்பான்சர் எனப்படும் ஒரு பதிவு பெற்ற அமைப்பின் குடைக்குள் போகலாம்.

நீங்களே எடுத்தால்: சுருக்கப் படிவமான 1023-ஈசட்-க்குக் கட்டணம் 275 டாலர், வருட வரவு 50,000 டாலருக்குள், சொத்து 2,50,000-க்குள் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு மட்டும். அதற்கு மேல் என்றால் முழுப் படிவம், 600 டாலர். சீக்கிரம் வரும் என்று ஈசட் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில கொடையாளர்கள் முழுப் படிவம் நிரப்பிய அமைப்பையே கூடுதலாக நம்புகிறார்கள், அதில் திட்டமும் பட்ஜெட்டும் விரிவாக எழுத வேண்டியிருக்கும் என்பதால். வெளிநாட்டு வேலை ஏதாவது உத்தேசம் இருந்தால் முழுப் படிவமே எடுங்கள். கலிஃபோர்னியாவில் கூடுதலாக அட்டர்னி ஜெனரலின் அறக்கட்டளைப் பதிவேடு, முதல் நன்கொடை கைக்கு வந்த 30 நாளுக்குள். வருடாந்திர ஆர்ஆர்எஃப்-1 படிவம் விட்டுப்போனால் பதிவேட்டில் 'தவணை தவறியவர்' என்று வந்துவிடும், அந்த நிலையில் நீங்கள் நிதி திரட்டவே கூடாது, மானியம் தருபவர்களும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள்.

ஸ்பான்சர் என்றால் வரும் பணத்தில் பொதுவாக 5 முதல் 15 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு கணக்கு, வரி, சில சமயம் சம்பளம், காப்பீடு வரை பார்த்துக்கொள்வார்கள். லாஸ் ஏஞ்சலஸில் கம்யூனிட்டி பார்ட்னர்ஸ், பே ஏரியாவில் கம்யூனிட்டி இனிஷியேட்டிவ்ஸ் மாதிரி இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சதவீதத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் நிர்வாகக் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் 20,000 டாலரில் 2,000 போனாலும், ஒரு தன்னார்வலர் ராத்திரி ராத்திரியாகக் கணக்கு எழுதி வெறுத்துப்போய் விலகுவதை விட அது மலிவு. முதல் இரண்டு வருடம் ஸ்பான்சர், வருட வரவு நிலையான பிறகு சொந்தப் பதிவு, இதுதான் என் வழக்கமான ஆலோசனை. தெரிந்த மசூதியோ கலாச்சார மன்றமோ நட்புக்காக 'எங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் மட்டும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் போகாதீர்கள். ஈரானியச் சமூகத்துக்குள் மதம் சார்ந்த, மதம் சாராத பிளவு ஆழமானது, யார் குடையில் நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்தே பாதிப்பேர் வகுப்புக்கு வருவதையோ வராததையோ முடிவு செய்வார்கள். யூதர், ஆர்மீனியர், பஹாய் என்று எல்லா வகை ஈரானியரும் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

யாருக்காக என்று எழுதுவது

விண்ணப்பத்தில் 'ஈரானியர்களுக்கு' என்று எழுதுவதை விட 'பாரசீக மொழியில் சேவை தேவைப்படுவோருக்கு' என்று எழுதுங்கள். அரசுப் பணத்தில் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை வைத்து ஒருவரை விலக்க முடியாது. மொழியை வைத்துச் சேவையை வடிவமைத்து, கதவை எல்லோருக்கும் திறந்து வைத்தால் பிரச்சினை இல்லை. அதைவிட முக்கியம், பாரசீகத்தின் ஆப்கானிய வடிவமான தாரி பேசும் ஆப்கானியர்களும், பாரசீகத்தின் இன்னொரு வடிவம் பேசும் தாஜிக்குகளும் அதனால் உள்ளே வருகிறார்கள். தாலிபான் காபூலைப் பிடித்த 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ஃப்ரீமாண்டிலும் சாக்ரமெண்டோவிலும் வந்து சேர்ந்த ஆப்கானியக் குடும்பங்களின் தேவையும், நாற்பது வருடமாக இங்கே இருக்கும் ஈரானியக் குடும்பங்களின் தேவையும் வேறு வேறு. ஒரே விண்ணப்பத்தில் இருவரையும் சேர்த்தால் இருவருக்கும் தனித்தனியாக என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும், நிர்வாகக் குழுவில் ஆப்கானியர் ஒருவராவது இருக்க வேண்டும். பெயருக்குச் சேர்த்துக்கொண்டால் மதிப்பிடுபவருக்குப் பட்ஜெட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எண்ணிக்கை ஆதாரம்தான் எல்லோரும் திணறும் இடம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஈரானியர்கள் வெள்ளையர் கட்டத்துக்குள் மறைந்துபோயிருந்தார்கள். 2020-ல் எழுதிக் காட்ட இடம் வந்தபோது 5,68,564 பேர் ஈரானியர் என்று பதிவானார்கள். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்காவுக்குத் தனிக் கட்டம் சேர்க்க 2024 மார்ச்சில் முடிவானது, அதன் எண்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பில், வீட்டில் பேசும் மொழி அட்டவணை பி16001-ல் பாரசீகத்துக்கு, தாரியும் சேர்த்து, தனி வரிசை இருக்கிறது. அதில் எத்தனை பேர் ஆங்கிலத்தில் சிரமப்படுகிறார்கள் என்பதும் வரும். உங்கள் தேவையை நிரூபிக்க அதைவிட நல்ல எண் கிடைக்காது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வாக்குச்சீட்டையே பாரசீகத்தில் தருகிறது என்ற ஒரு வரியையும் சேர்த்தால், இது யாரோ சிலரின் ஆசை என்ற எண்ணம் மாறும்.

ஈரானுக்குள் பணம்

அமெரிக்காவில் இருந்துகொண்டு ஈரானுக்குள் ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ உதவ வேண்டும் என்ற ஆசை பல குழுக்களுக்கு உண்டு, இயல்பானது. ஈரானின் பாம் நகரில் 2003-லும், கிழக்கு அஜர்பைஜான் மாகாணத்தில் 2012-லும், கெர்மான்ஷாவில் 2017-லும் நிலநடுக்கம் வந்தபோது அந்தத் துடிப்பைப் பார்த்திருப்போம். ஆனால் அமெரிக்கப் பொருளாதாரத் தடை விதிகளில் இதற்கு இடம் குறுகலானது. உறவினருக்கு அனுப்பும் தனிப்பட்ட பணத்துக்கு அனுமதி உண்டு, அதற்குள் ஒரு அமைப்புக்கான நன்கொடை அடங்காது. மாமா கணக்குக்கு அனுப்பி அவர் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுப்பார் என்ற ஏற்பாடு விதிமீறல். கருவூலத் துறையின் ஓஃபாக் பிரிவு 2013 செப்டம்பரில் வெளியிட்ட பொது உரிமம் 'ஈ', லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மனிதாபிமான உதவி, பேரிடர் மறுசீரமைப்பு, சுற்றுச்சூழல் போன்ற வேலைகளுக்குக் கதவு திறந்தது, 12 மாதத்தில் ஒரு அமைப்பு 5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். தடைப் பட்டியலில் இருக்கும் வங்கியோ ஆளோ நடுவில் வந்தால் அந்த உரிமம் காப்பாற்றாது. 2025 மார்ச்சிலிருந்து ஆவணங்களை 10 வருடம் வைத்திருக்க வேண்டும், முன்பு 5தான்.

சட்டம் அனுமதித்தாலும் வங்கி அனுமதிக்கும் என்று இல்லை. பெயரில் ஈரான் இருப்பதைப் பார்த்துக் கணக்கையே மூடிவிடும் பயத்தில் பல குழுக்கள் இருக்கின்றன. ஆகவே இந்த வேலைக்குப் புதிதாக மானியம் தேடுவதை விட, ஏற்கெனவே உரிமம், வழி, வழக்கறிஞர் எல்லாம் வைத்திருக்கும் அமைப்போடு சேர்வது நல்லது. 1990 முதல் இயங்கும் ரிலீஃப் இன்டர்நேஷனல் ஈரானில் உள்ள ஆப்கான் அகதிகளோடு வேலை செய்கிறது. பே ஏரியாவில் பிறந்த மாம்ஸ் அகெய்ன்ஸ்ட் பாவர்ட்டி 2008 முதல் குழந்தைகளுக்காக இயங்குகிறது. அவர்களுக்கு நிதி திரட்டித் தரலாம், அவர்கள் கேட்கும் விதத்தில்.

நீங்களே செய்வதென்று முடிவெடுத்தால், உள்ளூர் வேலைக்கும் ஈரான் வேலைக்கும் ஒரே வங்கிக் கணக்கு, ஒரே பட்ஜெட் வைக்காதீர்கள். ஸ்பான்சர் குடையில் இருந்தால் அவர்கள் ஒப்பந்தத்தில் இதைத் தடுத்திருக்கிறார்களா என்று முதலில் படியுங்கள். தடை விதிகள் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டு, வங்கியிடமும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு நன்கொடை வாங்க ஆரம்பியுங்கள், அதற்கு முன் ஒரு டாலர்கூட வேண்டாம். அனுப்ப முடியாத பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் போகும் நேரத்தில் ஒரு முழு வருட வகுப்பே நடத்திவிடலாம்.